கண்ணுக்குத் தெரியாத பெருக்கல்

யூனிகோடில் 2062 என்ற எண்ணில் ஓர் எழுத்து இருக்கிறது. திரையில் அது எதையும் காட்டாது, ஓர் இடைவெளிகூட விடாது. கண்ணுக்குத் தெரியாத பெருக்கல் குறி என்பது அதன் பெயர். 'இரண்டு எக்ஸ்' என்று எழுதும்போது இரண்டுக்கும் எக்ஸுக்கும் நடுவில் நாம் ஒன்றும் போடுவதில்லை அல்லவா, அந்த ஒன்றுமில்லாததற்குத்தான் இந்த எழுத்து. அதற்கு முந்தைய 2061இல் இன்னொரு எழுத்து, அதுவும் தெரியாது. 'எஃப் ஆஃப் எக்ஸ்' என்கிறோமே, அதில் வாயால் சொல்லி, கையால் எழுதாமல் விடுகிற அந்த 'ஆஃப்'. 2064 கண்ணுக்குத் தெரியாத கூட்டல். மூன்றரையை எண்ணில் எழுதினால் மூன்றுக்கும் அரைக்கும் நடுவே ஒளிந்திருப்பது அது. முதல் இரண்டும் 2002இல் யூனிகோடுக்குள் வந்தன, கூட்டல் 2008இல். யாராலும் பார்க்கவே முடியாத எழுத்துக்கு ஒரு கமிட்டி உட்கார்ந்து பேசி எண் ஒதுக்கியிருக்கிறது.

இந்தக் கட்டுரையில் சூத்திரம் எதையும் குறிகளாகப் போடப்போவதில்லை. வாயால் சொன்னால் காதில் எப்படி விழுமோ அப்படியே எழுதுகிறேன். வாசிக்கக் கொஞ்சம் கடுப்பாக இருக்கலாம். காரணம் போகப் போகத் தெரியும்.

இந்த எழுத்துகள் எனக்கு அறிமுகமானது அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் இருந்த ஒரு கம்பெனியில். இன்ஜினியரிங் முடித்துவிட்டு, சாஃப்ட்வேர் வேலை கிடைக்கிற வரைக்கும் என்று சேர்ந்து, இரண்டு வருஷம் இருந்தேன். எங்கள் குத்தம்பாக்கம் இன்றைக்குப் புதிய பேருந்து முனையத்தால் பெயர் தெரிந்த ஊர். அன்றைக்கு இரவு ஷிஃப்ட்டுக்கு அங்கிருந்து பூந்தமல்லிக்கு பஸ், பூந்தமல்லியிலிருந்து கம்பெனி வேன். வேலை, வெளிநாட்டுக் கணித ஆய்விதழ்களைப் பக்கமாக்குவது. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒரு பேராசிரியர் தன் கட்டுரையை டெக் என்ற குறிமொழியில் எழுதி அனுப்பியிருப்பார். அதை எக்ஸ்.எம்.எல். ஆக்க வேண்டும், சூத்திரங்களை மேத்எம்.எல். ஆக்க வேண்டும், இதழின் வடிவத்துக்குள் உட்கார வைக்க வேண்டும். பெரும்பகுதியை மென்பொருளே செய்துவிடும். அதற்குச் சந்தேகம் வருகிற இடம் மட்டும் மஞ்சளாகும். மஞ்சளுக்கு மனுஷன் பதில் சொல்ல வேண்டும்.

அடிக்கடி மஞ்சளாவது இது: 'எஃப், அடைப்புக்குறி, எக்ஸ் கூட்டல் ஒன்று, அடைப்புக்குறி முடிவு'. எஃப் ஒரு சார்பாக இருந்தால் நடுவில் 2061 போட வேண்டும். வெறும் எண்ணாக இருந்தால் பெருக்கல், 2062. தாளில் இரண்டும் ஒன்றுதான், ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது. பக்கத்து சீட்டில் ஒரு அக்கா இருந்தார். பி.காம். படித்தவர், கணக்கைப் பத்தாவதோடு விட்டவர். மஞ்சளைப் பார்த்ததும் சூத்திரத்தைப் பார்க்கவே மாட்டார். நேராக இரண்டு பத்தி மேலே போவார். "'வேர்'னு ஒரு வார்த்தை இருக்கும் பாரு தம்பி, இல்லன்னா 'லெட்'டுனு இருக்கும். அதுக்குப் பின்னாடிதான் ஒவ்வொருத்தரோட ஜாதகமும் எழுதி வெச்சிருப்பாங்க" என்பார். எஃப் யார், எந்தக் குடும்பம், எக்ஸுக்கு என்ன உறவு என்று அந்த இரண்டு வரியில் கண்டுபிடித்துவிட்டுக் கீழே வந்து சரியானதைச் சொடுக்குவார். தேற்றம் என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அதில் எந்த எழுத்து எந்த வேலை பார்க்கிறது என்று தெரியும். இதைக் கணித அறிவு என்று சொல்லலாமா கூடாதா என்று எனக்குள் அப்போதிருந்தே ஒரு வழக்கு ஓடுகிறது.

சூத்திரத்தைப் புரிந்தவர் ஒருவர், அதை அடுக்குகிறவர் இன்னொருவர் என்ற ஏற்பாடு ரொம்பப் பழையது. உரைநடை ஒரே கோட்டில் போகும். கணிதம் மேலும் கீழும் வளரும். அடுக்கு மேலே ஏறும், கீழொட்டு இறங்கும், பின்னம் இரண்டு மாடி கட்டும். ஈய எழுத்துக் காலத்தில் மோனோடைப் இயந்திரம் எழுத்துகளை வார்த்துத் தள்ளிவிடும். சூத்திரத்தை மாடி மாடியாகக் கட்டுவது அச்சுக் கோப்பவரின் கைவேலை. எழுத்துக்கு நடுவே கட்டைகளும் தகடுகளும் செருகி, ஆடாமல் இறுக்க வேண்டும். அதனால் கணிதப் பக்கத்துக்குக் கூலி அதிகம். பின்னாளில் டெக் மொழியை உருவாக்கிய டொனால்ட் கனூத், சூத்திரம் தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் அடையாளமாக டாலர் குறியைத் தேர்ந்தெடுத்தது இந்த வழக்கத்தை வைத்துப் பண்ணிய நக்கல். கணிதம் என்றாலே காசுதானே!

இந்தக் கைவேலையைக் கணினிக்கு மாற்றியதில் இரண்டு வழிகள் இருந்தன. முதல் வழி பெல் லேப்ஸில் பிரையன் கெர்னிகனும் லொரிண்டா செர்ரியும் செய்த 'ஈ.க்யூ.என்.'. 1975இல் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். (சி மொழிப் புத்தகத்தின் அதே கெர்னிகன்தான்.) அவர்கள் மனதில் இருந்த ஆள் ஒரு தட்டச்சர். கணிதமும் தெரியாது, அச்சுக் கலையும் தெரியாது. ஒருவர் சூத்திரத்தை வாய்விட்டு வாசித்தால் காதில் விழுவதை அப்படியே தட்ட வேண்டியது. 'ஏ ஓவர் பி' என்று தட்டினால் பின்னம், 'எக்ஸ் சப் ஐ' என்று தட்டினால் கீழொட்டு. குறிமொழி என்பது பேச்சைத் தட்டச்சு செய்வது, அவ்வளவுதான்.

இரண்டாவது வழி கனூத்துடையது. அவருடைய 'கணினி நிரலாக்கக் கலை'யின் இரண்டாம் தொகுதி 1969இல் ஈய எழுத்தில் அழகாக வந்தது. மறுபதிப்பை ஒளி அச்சுக்கோப்பில் செய்தார்கள். 1977 மார்ச் 30 அன்று மெய்ப்பு கைக்கு வந்தது. பார்த்துவிட்டு நொந்துபோனார். எழுத்தும் இடைவெளியும் பழைய பதிப்பின் பக்கத்தில்கூட நிற்கவில்லை. ஒரு பேராசிரியர் இதற்கு என்ன செய்வார்? பதிப்பகத்துக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதுவார். இவர் அந்த மே மாதமே ஒரு மென்பொருளுக்குத் திட்டம் எழுதத் தொடங்கினார். ஒரு வருட விடுப்பில் முடித்துவிடலாம் என்ற கணக்கு பத்து வருடங்களுக்கு மேல் இழுத்தது. 'ஓவர்' என்ற சொல்லையெல்லாம் பெல் லேப்ஸ்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார். ஆனால் அவர் மனதில் இருந்த ஆள் தட்டச்சர் இல்லை, கணிதர். சூத்திரத்தை யோசித்தவரே அதை அடுக்கவும் வேண்டும்.

டெக்கின் அழகு எங்கே இருக்கிறது என்று கேட்டால், பலரும் பத்தி பிரிக்கும் முறையைச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது இடைவெளி. தமிழ் படித்தவர்களுக்கு இதை ஒரே சொல்லில் விளக்கிவிடலாம்: புணர்ச்சி. நிலைமொழி எது, வருமொழி எது என்று பார்த்து நடுவில் என்ன நடக்கும் என்று நன்னூல் சொல்வதுபோல, டெக் ஒவ்வொரு குறியையும் எட்டு இனங்களில் ஒன்றில் சேர்க்கிறது. சாதாரண எழுத்து, பெருஞ்செயலி, கூட்டல்போல இருபக்கமும் ஆள் கேட்கும் செயலி, சமன்போன்ற உறவுக்குறி, திறக்கும் அடைப்பு, மூடும் அடைப்பு, நிறுத்தற்குறி, உள்ளடங்கியது. இடது பக்கம் எட்டு, வலது பக்கம் எட்டு என்று ஓர் அட்டவணை. எந்த இனத்தின் பக்கத்தில் எந்த இனம் வந்தால் எவ்வளவு இடைவெளி மிகும், எங்கே மிகாது என்று அதில் இருக்கிறது. ஓர் 'எம்' அகலத்தைப் பதினெட்டாகப் பிரித்து, மெல்லிய இடைவெளிக்கு மூன்று பங்கு, நடுத்தரத்துக்கு நான்கு, தடிமனுக்கு ஐந்து.

'ஏ கழித்தல் பி' என்றால் கழித்தலுக்கு இரண்டு பக்கமும் நடுத்தர இடைவெளி விழும். அதே கழித்தல் ஒரு திறக்கும் அடைப்புக்குப் பின்னால் வந்தால், கழிப்பதற்கு இடதுபக்கம் ஆள் இல்லை என்று புரிந்துகொண்டு, சாதாரண எழுத்தாகத் தன்னை மாற்றிக்கொண்டு பி-யோடு ஒட்டிக்கொள்ளும். எதிர்மறை பி. வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று பள்ளியில் அடிவாங்கிய யாருக்கும் இது புதிதாகத் தோன்றாது. வெள்ளை இடம் இலக்கணத்திலிருந்து வருகிறது, ரசனையிலிருந்து அல்ல.

ஆக, கனூத்தின் கனவுப்படி எண்பதுகளிலேயே அச்சுக் கோப்பவர் கதை முடிந்திருக்க வேண்டும். கணிதர்கள் டெக்கைக் கற்றுக்கொண்டார்கள், லெஸ்லி லாம்போர்ட்டின் லாடெக் வந்ததும் இன்னும் பெருகினார்கள், 1991இல் ஆர்க்கைவ் தொடங்கிய பிறகு தாங்களே வலையில் ஏற்றவும் செய்தார்கள். ஆனால் அச்சுக் கோப்பவர் ஒழியவில்லை, ஊர் மாறினார். உங்களிடம் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் கடந்த இருபது வருடத்துப் புத்தகங்கள் சில இருந்தால், காப்புரிமைப் பக்கத்தின் அடியில் பாருங்கள். நியூஜென், சென்னை. எஸ்.பி.ஐ., புதுச்சேரி. இன்டெக்ரா, புதுச்சேரி. இந்தப் பெயர்களில் ஏதாவது ஒன்று பொடி எழுத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். திருவனந்தபுரத்தில் ரிவர் வேலி இருந்தது. எல்ஸ்வியர் இதழ்களுக்கு எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் 'எல்ஸ்ஆர்ட்டிக்கிள்' வார்ப்புருவை எழுதியவர் அங்கிருந்த சி. வி. ராதாகிருஷ்ணன். 2002இல் உலக டெக் பயனர் மாநாடே திருவனந்தபுரத்தில்தான் நடந்தது.

கணிதரே அடுக்கித் தந்த பிறகு மறுபடி எதற்கு இன்னொரு கை? இதே கேள்வியைக் கணிதர்களும் கேட்டார்கள், கோபமாகவே. 2012 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதர் டிமத்தி கவர்ஸ், எல்ஸ்வியர் இதழ்களுக்கு எழுதுவதில்லை என்று பகிரங்கமாக எழுதினார். ஆயிரக்கணக்கானோர் அந்தப் புறக்கணிப்பில் கையெழுத்திட்டார்கள். பிரதானமான சண்டை விலையைப் பற்றி. கூடவே அடிபட்ட வாதம் ஒன்று: எழுதுவது நாங்கள், மதிப்பிடுவது நாங்கள், அடுக்குவதும் நாங்கள், நீங்கள் வெளியூருக்கு அனுப்பிப் பிழைகளைச் சேர்த்துக்கொண்டு வருகிறீர்கள், இதற்கா இவ்வளவு காசு? விலை விஷயத்தில் அவர்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பிழை சேர்ந்ததும் உண்டு, ஷிஃப்ட் முடியும் நேரத்தில் வரும் அவசரக் கட்டுரைகளில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அடுக்குதல் பற்றிய வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. டெக்கில் எதை வேண்டுமானாலும் செய்யலாம். அதனால் ஒவ்வொரு கணிதரும் தனக்கென்று பட்டப்பெயர்களும் குறுக்குவழிகளும் வைத்திருப்பார். பக்கம் தாளில் சரியாகத் தெரிந்தால் போதும். எஃப் பக்கத்தில் அடைப்பு போடுகிறவருக்கு எஃப் யார் என்று தெரியும், ஆகவே அதை எழுத வேண்டிய தேவையே அவருக்கு வருவதில்லை. எழுதியவர் எழுதாமல் விட்டதைத்தான் அந்த அக்கா ராத்திரி இரண்டு மணிக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் எதைச் சொடுக்கினாலும் அச்சில் மாற்றம் தெரியாது என்று சொன்னேன். அப்படியானால் யாருக்காக? சேர்ந்த புதிதில் எங்கள் டீம் லீடரிடம் கேட்டேன். "ஆக்சஸிபிலிட்டிக்குங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். கிளையன்ட் கேட்கிறார், செய்கிறோம். அதன் பின்னால் இருந்த வரலாறு எனக்குத் தெரிய வந்தது ரொம்பப் பிறகு.

டி. வி. ராமன் புனேயில் வளர்ந்தவர். பதினான்கு வயதில் பார்வை போயிற்று. ஐ.ஐ.டி. பம்பாயில் படித்துவிட்டு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். சக மாணவர்கள் எல்லாம் லாடெக்கில் எழுதுகிறார்கள். அந்த மூலக்கோப்பு கிடைத்தால் அதைக் கணினி வாசித்துக் காட்டாதா? 1994இல் அதையே முனைவர் பட்ட ஆய்வாக முடித்தார். ஆஸ்டர் என்று பெயர், அவருடைய வழிகாட்டி நாயின் பெயரும் அதுதான். ஆஸ்டர் சூத்திரத்தை வரிசையாக ஒப்பிக்காது. மரமாகப் பிரிக்கும். அடுக்கு வந்தால் குரல் சுருதி ஏறும், கீழொட்டு வந்தால் இறங்கும். பெரிய சூத்திரத்தில் ஒரு கிளையை மட்டும் தனியாகக் கேட்கலாம், பிடிக்காவிட்டால் தாண்டலாம். கண்ணின் அழகுக்காக கனூத் செய்த மொழி, அவர் நினைத்தே பார்க்காத ஒரு வேலைக்குப் பயன்பட்டது. 1998இல் மேத்எம்.எல். ஒரு தரமாக வந்தபோது, தெரியாத பெருக்கலுக்கும் தெரியாத 'ஆஃப்'புக்கும் இடம் வைத்திருந்தார்கள்.

இன்னும் பின்னால் போனால், கணிதக் குறிமொழியைக் கணினிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள் என்பதே சந்தேகமாகிவிடுகிறது. ஏப்ரஹாம் நெமத் நியூயார்க்கில் பிறவியிலேயே பார்வையற்றவராகப் பிறந்தவர். கணிதம் உனக்கு ஆகாது என்று சொல்லி உளவியல் படிக்க வைத்தார்கள். பிறகு அதே கணிதத்துக்குத் திரும்பி டெட்ராய்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பிரெய்லில் கணிதம் எழுத அவர் வகுத்த முறை 1952இல் வெளிவந்தது. பிரெய்ல் ஒரே கோட்டில் ஓடுவது, மாடி கட்ட முடியாது. அதனால் அவர் குறிகள் வைத்தார்: 'பின்னம் தொடங்குகிறது', 'கோடு', 'பின்னம் முடிகிறது'. மேலே ஏறு, பழைய மட்டத்துக்குத் திரும்பு. டெக் எழுதிய யாராவது இதைப் பார்த்தால் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார்கள். ஈ.க்யூ.என்.னுக்கு இருபது வருடங்களுக்கும் மேல் முந்தையது.

எங்கள் ஊரிலிருந்து திருமழிசை தாண்டினால் பூந்தமல்லி. பூந்தமல்லி என்றாலே பழைய ஆட்களுக்கு அரசுப் பார்வையற்றோர் பள்ளிதான் அடையாளம். இந்தியாவில் இப்படிப்பட்ட பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகக் கணக்குப் போட்ட கருவி டெய்லர் சட்டம். 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் டெய்லர் என்ற ஆங்கிலப் பாதிரியார் செய்தது. பலகையில் வரிசை வரிசையாக நட்சத்திர வடிவக் குழிகள். சின்னச் சின்னக் கட்டைகள், ஒரு முனையில் ஒரு மேடு, மறுமுனையில் இரண்டு முட்கள். ஒவ்வொரு முனையையும் எட்டுத் திசையில் திருப்பிச் செருகலாம், ஆக பதினாறு குறிகள். திசையைத் தடவிப் பார்த்து இது நான்கு, இது ஏழு என்று வாசிப்பார்கள். அந்தக் கட்டைக்கு ஆங்கிலத்தில் பெயரே 'டைப்'. மோனோடைப் அச்சகங்கள் மூடப்பட்ட பிறகும், ஒரு பையன் கட்டையைக் கையால் பொறுக்கி, வரிசையில் செருகி, கணிதத்தை அடுக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். நான் படித்த அச்சு வரலாற்றுப் புத்தகங்கள் எதிலும் அவன் வரவில்லை.

இனி தமிழுக்கு வருகிறேன். தெரியாத பெருக்கலும் தெரியாத கூட்டலும் நமக்குப் புதிதே கிடையாது. ஐந்நூறு என்றால் ஐந்தையும் நூறையும் பெருக்க வேண்டும், நூற்றைந்து என்றால் கூட்ட வேண்டும். குறி ஏதும் இல்லை, வரிசைதான் சொல்கிறது. முக்கால் என்றால் மூன்று பெருக்கல் கால். மூன்றேகால் என்றால் மூன்று கூட்டல் கால், அங்கே அந்த 'ஏ' காதுக்குக் கேட்கும் கூட்டல் குறி. மூன்றேமுக்கால் என்று கடைக்காரர் சொல்லும்போது ஒரு கூட்டலும் ஒரு பெருக்கலும் சரியான முன்னுரிமையோடு நடந்து முடிந்துவிடுகின்றன. நம் பழைய பின்னக் குறிகளும் மாடி கட்டாதவை, எழுத்தைப்போல ஒரே வரியில் உட்காருபவை. முந்திரி, அதாவது முந்நூற்றிருபதில் ஒன்று, காணி, மா என்று அந்தக் குறிகள் எல்லாம் 2019இல் யூனிகோடுக்குள் வந்தன. மொத்தம் 51 எழுத்துகள்.

ஆனால் தமிழ்வழிக் கணிதப் புத்தகம் ஒன்றின் பி.டி.எஃப்.பைத் திறந்து, ஒரு பின்னத்தைப் பிரதியெடுத்து ஒட்டிப் பாருங்கள். நான் முயன்றபோது வந்தது குப்பை. கண்ணுக்கு அழகாக இருந்ததற்குள் கட்டமைப்பு எதுவும் இல்லை. ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களை 1957இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நிழற்படப் பிரதியாகவே வெளியிட்டது. கையெழுத்தைப் பார்க்கக் கண் கோடி வேண்டும், சந்தேகமில்லை. அதை ஒவ்வொரு வரியாக விளக்கி அச்செழுத்தில் கொண்டுவர புரூஸ் பெர்ன்ட்டுக்கு 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகள் பிடித்தன. படத்துக்கும் குறிமொழிக்கும் நடுவில் உள்ள தூரம் அவ்வளவு. வலையிலும் நெடுங்காலம் சூத்திரங்கள் படமாகத்தான் இருந்தன. கூகுள் குரோம் மேத்எம்.எல்.லை நிலையாக ஏற்றுக்கொண்டதே 2023இல்தான், தரம் வந்து இருபத்தைந்து வருடம் கழித்து.

குறிமொழி கிடைத்தாலும் தமிழில் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. 'ஏ ஓவர் பி' என்ற வரிசை ஆங்கிலப் பேச்சின் வரிசை. தமிழில் 'நான்கில் மூன்று' என்கிறோம், கீழே இருப்பது முதலில் வரும். 'மூன்றின் கீழ் நான்கு' என்றும் வகுப்பில் கேட்டிருக்கிறேன், அப்போது வரிசை திரும்பிவிடும். பேச்சிலோ 'மூணு பை நாலு'. ஆகவே ஆங்கிலச் சொல்லுக்குப் பதில் தமிழ்ச் சொல்லை மாற்றினால் வேலை முடியாது, மரத்தை வேறு வழியாகச் சுற்றிவர வேண்டும். சூத்திரத்தைப் பேச்சாக மாற்றும் திறமூல மென்பொருள் ஒன்றின் மொழி வரிசையை நான் கடைசியாகப் பார்த்தபோது இந்தி இருந்தது, தமிழ் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதற்குத் தமிழ் விதிகள் எழுதிப் பார்க்கிறேன்.

விதி எழுதுவதற்கு முன்னால், உண்மையில் எப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிய வேண்டுமே. பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பல வருஷம் கணக்குச் சொல்லித் தந்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரை நண்பர் மூலமாகப் போய்ப் பார்த்தேன். அவருக்கும் பார்வை கிடையாது. நான் எழுதி வைத்திருந்த விதிகளை வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். உதாரணமாக ஒன்று சொன்னேன்: "ஏ கூட்டல் பி பை சி, சார்."

"தம்பி, கோடு எவ்ளோ நீளம்?" என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. என் கையைப் பிடித்து மேசைமேல் வைத்தார். "ஏ-ல ஆரம்பிச்சு பி முடியற வரைக்கும் ஓடுதா, இல்ல பி-க்கு அடியில மட்டும் இருக்கா? நான் பசங்க விரலைப் பிடிச்சு இழுத்துக் காட்டிருவேன். 'நீளக்கோடு'ன்னா மொத்தத்துக்கும், 'குட்டைக்கோடு'ன்னா பக்கத்துல இருக்கறதுக்கு மட்டும். உங்க மெஷின் எதைச் சொல்லும்?"